மூன்று தீபாவளி முறுக்குப் பணம்

செர்காம் பந்தாயில் இகான் பாக்கார் சாப்பிடப் போகும் குடும்பங்கள் பொதுவாக மீனைப் பற்றித்தான் பேசும். திருக்கையா, சியாக்காப்பா, சம்பலில் உறைப்பு போதுமா என்பதற்கு மேல் பேச்சு போகாது. 2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் மேசையில் மட்டும் வேறு சண்டை நடந்தது. இண்டெல்லா, ஏ.எம்.டி.யா?

என் தங்கைக்குக் கணினி வாங்க வேண்டியிருந்தது. கடையில் தயாராக இருக்கும் பெட்டி இல்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பொருத்திக்கொள்ளும் மேசைக்கணினி. அவள் அனிமேஷன் டிப்ளோமா படிக்கிறாள். இறுதியாண்டுக்கு மூன்று நிமிடப் படம் ஒன்று செய்து கொடுக்க வேண்டும். அவளிடம் இருந்த மடிக்கணினியில் பத்து வினாடிக் காட்சியைக் கோத்து எடுக்கவே ஓர் இரவு முழுக்க ஆகும். பாதி இரவில் சூடேறி அதுவாக அணைந்துவிடும். காலையில் எழுந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

பணம் அம்மாவுடையது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா முறுக்கும் நெய் உருண்டையும் சுட்டு விற்பார். செர்காமிலிருந்து மெர்லிமாவ் வரை அவருக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. செலவு போக மிஞ்சியதை மைலோ டின்னில் போட்டு வைப்பார். மூன்று தீபாவளி மிச்சம் 3,500 ரிங்கிட். அதை என் கையில் கொடுத்து, "பாப்பாவுக்கு நல்லதா பாத்து வாங்கிக் குடு தம்பி. ஒரு தடவைதான் வாங்க முடியும்" என்றார்.

நான் கோலாலம்பூரில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன் உட்காருகிறவனுக்குக் கணினி தெரியும் என்று குடும்பத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல் கழித்தல் அட்டவணை மட்டும்தான். "ஒரு தடவைதான்" என்ற சொல் அன்றிரவு தொண்டையில் மீன் முள்ளைப் போல நின்றது.

மாமா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் சொந்தத்தில் முதன்முதலில் கணினி வாங்கியவர் அவர்தான். அவருக்குக் கணினி என்றால் இண்டெல். "நாப்பது வருசமா நிக்கிற பேரு. மத்ததெல்லாம் மலிவுக்கு வாங்குறது" என்றார். சித்தப்பா மகனோ ஜொகூரிலிருந்து தினம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன், கணினி விளையாட்டுப் பிரியன். "மாமா, அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ரைசன்தான். இண்டெல்லோட 13, 14ஆம் தலைமுறை புரோசசர் எல்லாம் கெட்டுப்போகுது, செய்தி படிக்கலையா?" என்று மடக்கினான். மாமா விடவில்லை. "2023-இல ரைசன் எரிஞ்சதே, அது மட்டும் செய்தி இல்லையா?"

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா மீனின் முள்ளை எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அலுவலகம் முடிந்ததும் இதே வேலை. கணக்கர் புத்தியோடு இருவர் சொன்னதையும் முதலில் சரிபார்த்தேன். இரண்டிலுமே உண்மை இருந்தது. 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி புரோசசர்கள் பலவற்றில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, நாளடைவில் சில்லு பழுதாவதை இண்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டது. அதற்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் அதற்கு முந்திய 12ஆம் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2023-இல் ரைசன் 7000 வரிசையில் சில சில்லுகள் கருகியதும் உண்மை. அதற்கும் காரணம் மின்னழுத்தம்தான். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளைத் திருத்தி அதைச் சரிசெய்தார்கள். ஆக, மேசையில் எறியப்பட்ட இரண்டு கற்களும் எங்கள் பட்ஜெட்டில் அடங்கும் புரோசசர்கள் மீது விழவே இல்லை.

அடுத்த ஞாயிறு மாமா தன் பழைய கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வெளிக்கூட்டையாவது பயன்படுத்து, 150 வெள்ளி மிஞ்சும்" என்றார். 2007-இல் வாங்கிய கோர் 2 டுவோ. பின்பக்கம் துரு. ஐந்தடியில் மஞ்சள் தூள் போலத் தூசி. எப்படிக் கழற்றுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது என்று வரவேற்பறையில் பாய் விரித்துப் பிரித்தோம்.

விசிறியை எடுத்து, காய்ந்து கிடந்த பசையைத் துடைத்தபோது புரோசசரின் உலோக மூடியில் எழுத்துகள் தெரிந்தன. மாதிரி எண், வேகம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல்: 'மலாய்'. மலேசியாவில் பொருத்தப்பட்டது என்பதற்கான சுருக்கம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது பினாங்குப் பொண்ணுங்க செஞ்சது" என்றார், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையை அடையாளம் கண்டதைப் போல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரோசசர் பற்றிக் கேட்க மாமாவிடம் போனேன், சித்தப்பா மகனிடம் போனேன், தெரியாத மனிதர்களின் காணொளிகளை இரவெல்லாம் பார்த்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா 1984-இல், 18 வயதில், தோட்டத்து லயத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்சில்லு தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர். 24 ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். எங்களுக்கு அது 'அம்மா போகும் கம்பெனி'. அங்கே என்ன செய்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

நம் நாட்டில் இந்தத் தொழில் வேர் விட்டது 1970-களின் தொடக்கத்தில். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் இண்டெல் தொடங்கியதுதான் அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை. ஏ.எம்.டி.யும் அதே காலக்கட்டத்தில் பினாங்குக்கு வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் லிம் சொங் இயூ. 1973-இல் சீமென்ஸ் மலாக்காவில் கால் பதித்தது. அதன் சில்லுப் பிரிவுதான் 1999 முதல் இன்ஃபினியன் என்ற தனி நிறுவனம். இன்று உலகில் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து உறையிடும் பணியில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று சொல்லப்படுகிறது. ரப்பர் விலை விழுந்த காலத்தில் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிய எத்தனையோ பெண்களின் கைகள் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன.

"நீங்க என்ன வேலைம்மா செஞ்சீங்க?" என்று கேட்டேன். 34 வயதில் கேட்கிற கேள்வி.

தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளால் சில்லையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் இணைப்பார்களாம். கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அம்மாவின் முதல் வேலை. பிறகு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஒரு விஷயத்தைக் கற்றதாகச் சொன்னார். "ஒரே தட்டுல வர்ற சில்லு எல்லாம் ஒண்ணு போல இருக்காது. டெஸ்ட் மிசின்ல போட்டா சிலது நல்லா ஓடும், சிலது கொஞ்சம் மெதுவா ஓடும். அதப் பாத்து வேற வேற டப்பாவுல பிரிப்போம். அப்புறம்தான் மேல எண் அடிப்பாங்க. விலை வேற வேற. ஆனா பொறந்தது ஒரே எடத்துல."

இதைத்தான் காணொளிகளில் 'பின்னிங்' என்று ஆங்கிலத்தில் பெரிய ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்து வைத்திருந்த ரைசன் 5 5600 இதற்கு நல்ல உதாரணம். அதன் உள்ளே இருக்கும் சில்லு எட்டு கோர்களோடு உருவானது. கோர் என்பதைத் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் இரண்டை அணைத்துவிட்டு, ஆறு கோர் புரோசசராக விற்கிறார்கள். விலை கூடிய 5600 எக்ஸ் என்பதும் அதே குடும்பம்தான்; வேகத்தில் சிறிது முன்னே நிற்கும். அந்தச் சிறிய வித்தியாசத்துக்கு எத்தனை டின் முறுக்குப் பணத்தைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அதன்பிறகு 'எந்தப் பெயர்' என்ற கேள்வியை மூடிவிட்டு, அம்மா கேட்ட ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டேன்: "பாப்பா அதுல என்ன வேலை செய்யப் போறா?"

தங்கை பயன்படுத்துவது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். உருவங்களைச் செதுக்கும்போது புரோசசரின் ஒற்றைக் கோர் வேகம் முக்கியம். அதில் இன்றைய நடுத்தர புரோசசர்கள் எல்லாமே போதுமானவை. காட்சியை இறுதியாகக் கோத்தெடுக்கும் கனமான வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்துவிடலாம். அது புரோசசரைவிடப் பல மடங்கு விரைவாக முடிக்கும். ஆக, அவளுடைய படத்துக்குப் பணம் போக வேண்டிய முதல் இடம் கிராஃபிக்ஸ் கார்டு, அடுத்தது ரேம். நாங்கள் வாரக் கணக்கில் சண்டை போட்ட புரோசசர் மூன்றாவது இடத்தில்தான் நின்றது.

அவள் நாள் முழுக்கக் காணொளி வெட்டி ஒட்டுகிறவளாக இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். இண்டெல் புரோசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி காணொளிக் கோப்புகளைத் திறப்பதில் கெட்டிக்காரன். ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்தப் பகுதி இயங்காது. கோர் ஐ5-12400 வேறு, 12400 எஃப் வேறு. விலை குறைகிறதே என்று வாங்கிவிட்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்று தவித்தவர்கள் உண்டு.

மூன்று கூடைகளைப் போட்டுப் பார்த்தேன். புரோசசரை மட்டும் ஒப்பிடக் கூடாது. அதோடு சேரும் மதர்போர்டும் ரேமும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. அன்று எனக்குச் சொன்ன விலைப்படி, ரைசன் 5 5600, மதர்போர்டு, 32 ஜிகாபைட் ரேம் மூன்றும் 1,190 ரிங்கிட். கோர் ஐ5-12400 எஃப் வழியில் 1,270. புதிய ரைசன் 5 7600-க்குப் போனால், அது டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால், 1,950. அந்த 760 ரிங்கிட் வித்தியாசம் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து போக வேண்டும். வேறு இடம் இல்லை.

5600-க்கும் 12400 எஃப்-க்கும் இடையில் மயிரிழைதான். இரண்டுக்கும் ஆறு கோர்கள். எது வாங்கினாலும் தங்கைக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு காரணத்துக்காக 5600 பக்கம் சாய்ந்தேன். பின்னாளில் அவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் அதே மதர்போர்டில் 12 அல்லது 16 கோர் ரைசன் 5000 புரோசசரை மாற்றிப் போடலாம். இண்டெல் போர்டிலும் மாற்றலாம், ஆனால் மாற்றிப் போடக் கிடைப்பவற்றில் பல அந்த 13, 14ஆம் தலைமுறையைச் சேர்ந்தவை.

மலாக்கா நகரில் வாங்கினோம். கடைத் தௌக்கே முதலில் வேறொரு பெட்டியைக் காட்டினார். "இது ஐ7, மிக வலிமை" என்று மலாயில் சொன்னார். எத்தனையாவது தலைமுறை என்று தங்கை கேட்டாள். நான்காவது. அதாவது பத்து ஆண்டுக்கும் பழசு. ஐ5, ஐ7 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. அதற்கு அடுத்து வரும் எண்தான் வயதைச் சொல்லும். அவள் அதைக் கேட்டதும் தௌக்கே சிரித்துவிட்டுப் பட்டியலை எடுத்தார்.

கிராஃபிக்ஸ் கார்டு 12 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3060, 1,250. சேமிப்புக்கு 280. மின்வழங்கி 260. மாமாவின் பழைய கூட்டில் காற்றோட்டம் போதவில்லை, புதிய கூடு 180. எங்கள் பக்கம் மாலையானால் இடி மின்னல், அதனால் மின்தடை தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று 200. மொத்தம் 3,360. திரைக்கு என் பழையது இருந்தது. மீதி 140 ரிங்கிட்டை அம்மாவிடம் கொடுத்தபோது எண்ணிப் பார்த்து டின்னில் போட்டார்.

அன்றிரவு நானே பொருத்துகிறேன் என்று உட்கார்ந்தேன். புரோசசரை உறையிலிருந்து எடுத்தேன். இந்த வகை ரைசனில் ஊசிக் கால்கள் புரோசசரின் அடியிலேயே இருக்கும், மொத்தம் 1,331. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரும்பினேன். சில்லு விரலிலிருந்து நழுவி மேசை விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் ஐந்தாறு கால்கள் மடங்கிக் கிடந்தன. இப்படிக் கைத்தவறால் கெட்டதற்கு உத்தரவாதம் கிடையாது. 470 ரிங்கிட். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கை நடுங்கியது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மொதல்ல நீ தொடாத. ஜன்னல் கம்பியத் தொட்டுட்டு வந்து உக்காரு" என்றார். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடுமாம்; நம் விரலுக்கு உறைக்காத அளவே போதுமாம். கம்பெனியில் 24 ஆண்டும் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதைத் தரையோடு இணைத்துத்தான் வேலை செய்தாராம். "பாய் மேல உக்காந்து சில்லப் புடிக்கிறான் பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பஞ்சாங்கம் படிக்கும் பூதக்கண்ணாடி, தங்கையின் புருவம் திருத்தும் இடுக்கி, ஒரு பழைய பெயர் அட்டை. மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டார். அட்டையின் ஓரத்தைக் கால்களின் வரிசைக்கு நடுவே விட்டு, எந்தக் கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக, ஒரே இழுப்பில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். நிமிர்த்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். 58 வயதுக் கை, சர்க்கரை மாத்திரை போடும் கை, ஒரு முறைகூட நடுங்கவில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்ததில்லை.

"இப்ப வை. அழுத்தாத. தானா உள்ள எறங்கணும்" என்றார். இறங்கியது. விசிறியைப் பூட்டி, மின்சாரம் கொடுத்தோம். இரண்டு நொடி இருட்டு. பிறகு திரையில் எழுத்து வந்தது. ரைசன் 5 5600, ஆறு கோர், 32 ஜிகாபைட். தங்கை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மா இடுக்கியைத் துடைத்து அவளிடமே கொடுத்தார்.

விசிறியைப் பூட்டும் முன் அம்மா சில்லின் மூடியில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். மலேசியா என்று இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். சீனாவில் செய்தது என்றிருந்தது. "அங்கயும் ஒரு பொண்ணு பாத்து அனுப்பியிருப்பா" என்றதோடு சரி.

பத்து வினாடிக் காட்சி இப்போது ஓர் இரவு கேட்பதில்லை. தங்கை குளித்து வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மாமா வந்து பார்த்துவிட்டு, "இண்டெல்லா இருந்தா இன்னும் வேகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். சித்தப்பா மகன் தான்தான் ஜெயித்ததாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவரையும் நான் திருத்தவில்லை.

அந்தக் கணினியில் தங்கை செய்து முடித்த முதல் வேலை அவளுடைய படம் அல்ல. அம்மாவின் முறுக்கு டின்னுக்கு ஒட்டுத்தாள். பெயரை எங்கே போடலாம், எந்த எழுத்தில் போடலாம் என்று அம்மாவை அருகில் உட்கார வைத்துக் கேட்டாள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரு கடைசியில அடிச்சாப் போதும் பாப்பா. மொதல்ல முறுக்கு நல்லா வரட்டும்."